வாசகர் கேள்வி: கடலோர விடுதியில் குடும்பத்தோடு தங்க

கேள்வி: நாங்கள் திருமங்கலத்தில் வசிக்கிறோம். நானும் என் கணவரும், ஒன்பது வயது மகளும், நான்கு வயது மகனும், முழங்கால் வலியுள்ள என் மாமியாரும், அழகர் ஆற்றில் இறங்கிய பிறகு மே மாதத்தில் மூன்று நாள் கடற்கரையில் தங்கிவர விரும்புகிறோம். ராமேசுவரமா, கன்னியாகுமரியா என்பதே வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. எல்லா விடுதிகளும் தங்களைக் குடும்பத்துக்கு ஏற்றவை என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: விடுதியைத் தேடுவதற்கு முன் கடலை முடிவு செய்யுங்கள் என்றே சொல்வேன். ராமேசுவரம் தீவுக்குத் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வலுக்கத் தொடங்கும் மே மாதத்தில் ஆண்கடல் சீறும். ஆழம் குறைந்த பெண்கடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது இந்த நிலை தலைகீழாகும். ஆகவே உங்கள் நான்கு வயது மகன் காலை நனைத்து விளையாட, மே மாதத்தில் வடக்குக் கரைதான் ஏற்றது. உச்சிப்புளிக்கு அருகே சவுக்குத் தோப்பு நிழலோடு இருக்கும் அரியமான் கடற்கரையை முதலில் பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அதன் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் குழந்தைகளை நீரில் இறக்கவே வேண்டாம்.

கன்னியாகுமரியை இந்த மாதத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களின் அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறி வந்து ஆளை இழுத்துச் செல்லும். கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. வளர்ந்த இளைஞர்களுக்கே அந்தக் கதி என்றால், மணலில் உட்கார்ந்து வீடு கட்டும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வள்ளுவர் சிலையையும் கண்ணாடிப் பாலத்தையும் பார்க்க வேறொரு முறை தை, மாசியில் போகலாம்.

ராமேசுவரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகளில் பெரும்பாலானவை யாத்திரிகர்களுக்காகக் கட்டப்பட்டவை. இரவில் வந்து படுத்து, விடியற்காலையில் அக்னி தீர்த்தத்திலும் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டுக் கிளம்புபவர்களுக்கு அவை போதும். மூன்று நாள் குழந்தைகளோடு தங்குவதற்கு, படிகள் செங்குத்தாகவும் அறைகள் காற்றோட்டமின்றியும் இருக்கும் அந்த வகைக் கட்டடம் ஒத்துவராது. கோயிலிலிருந்து சற்று விலகித் தங்கச்சிமடம், பாம்பன் பக்கமோ, பாலத்துக்கு இப்பால் அரியமான் பக்கமோ, முற்றமும் மரநிழலும் உள்ள விடுதியாகப் பாருங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் மதுரையிலிருந்து ராமேசுவரத்துக்கு மறுபடியும் ரயில் போகிறது. காரில் காலை மடக்கி உட்கார்ந்து வருவதைவிட அதுவே உங்கள் மாமியாருக்கு இதமாக இருக்கும்.

இனி அறைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பம் ஒரு கடலோர விடுதியில் தங்கியது. அறையின் பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேரே நீச்சல்குளம். பார்த்த உடனே எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. மறுநாள் விடியும்முன் என் மனைவி கண்விழித்தபோது, மூன்று வயதுப் பேத்தி அந்தக் கதவைத் தானே திறந்துகொண்டு குளத்தின் விளிம்பில் தனியாகக் குந்தியிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அன்று முதல் எந்த விடுதியிலும் நான் முதலில் கேட்பது கடல் தெரியுமா என்பதை அல்ல, கதவின் தாழ்ப்பாள் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்பதைத்தான். குளம் இருந்தால் அதற்கு நாற்புறமும் வேலியும், தானே மூடிக்கொள்ளும் கதவும் இருக்க வேண்டும். சிறு குழந்தை தண்ணீரில் மூழ்கும்போது கத்துவதில்லை. ஓசையே இல்லாமல், ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே, அறைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சுவரும் நூறு அடி தூரமும் இருப்பதைக் குறையென்று நினைக்காதீர்கள். மாடியறை என்றால், பால்கனிக் கம்பிகளுக்கு இடையே மகனின் தலை நுழையுமா என்பதைப் போய் இறங்கியவுடன் பார்த்துவிடுங்கள்.

ஆனால் உங்களுக்கு மாடியறையே வேண்டாம். மாமியாருக்காகத் தரைத்தளம் கேளுங்கள். கழிப்பறை மேற்கத்திய வகையா, குளியலறைத் தரை வழுக்காத கல்லா, வாசலில் எத்தனை படி, அவற்றின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டறியுங்கள். கடலோரத்தில் குழாய்த் தண்ணீர் உப்பாக இருப்பது வழக்கம். குளிக்கவாவது நல்ல தண்ணீர் தருகிறார்களா, குடிக்கக் கேன் தண்ணீர் எவ்வளவு தருகிறார்கள் என்பதும் முக்கியம். இரவில் பால் காய்ச்சவும், வயிறு சரியில்லாத பிள்ளைக்குக் கஞ்சி வைக்கவும் சமையலறை உதவுமா என்று கேட்கும்போது, மறுமுனையில் வரும் பதிலின் தொனியிலேயே அந்த விடுதி குடும்பங்களுக்குப் பழகியதா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். கத்திரி வெயிலில் மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடுமா, மின்விசிறி மட்டுமா என்பதையும் கேளுங்கள்.

வாடகையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 8,000 ரூபாய்க்கு ஒரு பெரிய குடும்ப அறை எடுத்தால் வரியோடு 9,440 ரூபாய் ஆகும். நடுவில் கதவுள்ள 4,000 ரூபாய் அறைகள் இரண்டை எடுத்தால் 8,400 ரூபாய்தான். மாமியாருக்குத் தனியாகத் தூங்க இடமும், உங்களுக்கு இரண்டாவது குளியலறையும் கிடைக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், ஆனால் விலை கூடுதலாக இருக்கும்; மீனை எதிர்பார்த்துச் சாப்பாடு சேர்ந்த கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன். படங்களில் பார்த்த விடுதியும் நேரில் பார்த்த விடுதியும் வெவ்வேறாக இருந்து ஏமாந்திருக்கிறோம். முன்பணம் கட்டும்முன் எப்படி உறுதி செய்வது?

பதில்: விடுதி வெளியிடும் படங்களை விட்டுவிட்டு, தங்கியவர்கள் கடந்த ஆறு மாதத்தில் போட்ட படங்களை மட்டும் பாருங்கள், அவர்களிலும் பிள்ளைகளோடு போனவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள். நிலப்படத்தின் செயற்கைக்கோள் காட்சியில் விடுதிக்கும் கரைக்கும் நடுவே சாலை ஓடுகிறதா, மீன் காயவைக்கும் களம் இருக்கிறதா, மதுக்கூடம் ஒட்டியிருக்கிறதா என்பது தெரியும். பிறகு தொலைபேசியில் அழைத்து, உங்களுக்குத் தரப்போகும் அதே அறையைக் கதவிலிருந்து குளியலறை வரை காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல விடுதிக்காரர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார், அனுப்பத் தயங்குபவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம். குழந்தை எந்த வயது வரை இலவசம், கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு, பயணத்தை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருப்பதால் மே விடுமுறையில் பிள்ளைகளை இலங்கைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாகச் செல்லலாம், ஆனால் அங்கும் அதே காற்றுதான் கரையைத் தீர்மானிக்கும். பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ ஆகிய தென்மேற்குக் கரைகள் மார்கழி முதல் பங்குனி வரை அமைதியாக இருக்கும், மே மாதத்தில் அலை கூடிவிடும். அப்போது ஏற்றது கிழக்குக் கரை. அதிலும் மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவில் கடல் வெகுதூரம் வரை இடுப்பளவுதான் இருக்கும், பேச்சும் தமிழ். விமானம் ஒரு மணி நேரம்தான் என்றாலும், கொழும்பிலிருந்து பாசிக்குடாவுக்குச் சாலை வழியே ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. எனவே இறங்கிய நாளே போகாமல், வழியில் ஓர் இரவு தங்கும்படி அறைகளைப் பதிவு செய்யுங்கள். பாசிக்குடாவின் அடிமணலில் பவளத் துண்டுகள் கிடக்கும் என்பதால், பிள்ளைகளுக்கு நீரில் போடும் ரப்பர் செருப்பை இங்கிருந்தே வாங்கிச் செல்லுங்கள்.