113-வது நாள் கோலம்

கேள்வி: சிறு வயதிலிருந்தே கோலம் என்றால் எனக்கு உயிர். தை முதல் நாள், ‘தினம் ஒரு கோலம், 365 நாள்’ என்று இன்ஸ்டாகிராமில் ஆரம்பித்தேன். 112 நாள் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் அலாரம் அடித்தாலே எரிச்சல். போன வாரம் 15 புள்ளிக் கோலம் மழையில் கரைந்தபோதுகூட, ‘கோலம் போச்சே’ என்று தோன்றவில்லை. ‘போட்டோ எடுக்கலையே’ என்றுதான் தோன்றியது. அம்மாவின் கோல நோட்டைத் தொட்டே ரொம்ப நாளாயிற்று. பாதியில் விட்டால் நான் சோம்பேறியா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: 112 நாள் விடியுமுன் எழுந்து குனிந்து நிமிர்ந்த உங்களையா சோம்பேறி என்பது? அந்த வார்த்தையை முதலில் விடுங்கள்.

அந்த மழைக் கோலத்துக்கு வருகிறேன். பால்காரர் சைக்கிளும் எறும்பும் பங்கு போட்டு, மத்தியானத்துக்குள் பாதி போய்விடும் என்று தெரிந்தேதான் வாசலில் கோலம் போடுகிறோம். மறுநாள் இடம் காலி, புதுசாகப் போடலாம். போட்டோ எடுத்து எண் போட ஆரம்பித்ததும் அது சேமிப்புக் கணக்காகிவிட்டது. ஒருநாள் விட்டாலும் நஷ்டம் என்று மனசு பதறுகிறது.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். எல்லாம் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள வாண்டுகள். சிலரிடம், ‘வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு அதையே சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேஜையில் வைத்தபோது, முன்பே ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் பாதிதான். சொல்லாமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆக, லைக் வருவதில் தப்பில்லை. லைக்குக்காகப் போடுகிறோம் என்று ஆனதுதான் வினை.

அதற்காக எல்லா வேலையும் ஆசையோடுதான் நடக்கவேண்டும் என்றில்லை. பாத்திரம் தேய்ப்பதும் வருமானவரிக் கணக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற ஜாதி. நானே இந்தப் பதிலை, ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டாவது போன் வந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் போனே மறந்துவிட்டது. நீங்களும் அதையே கவனியுங்கள். எழுந்திருக்க அலுப்பாக இருப்பது யாருக்கும் உண்டு. மாவை எடுத்து நாலு இழை இழுத்த பிறகு கை தானாக ஓடுகிறதா, இல்லை அப்போதும் ‘எப்போ முடியும்’ என்றுதான் இருக்கிறதா? தினமும் இரண்டாவதுதான் என்றால், உங்களை நீங்களே பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள்.

(சாப்பாடு, தூக்கம், பேச்சு என்று எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது வேறு விஷயம். தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.)

இரண்டு வாரம் போன் உள்ளேயே இருக்கட்டும். 113 எங்கே என்று யாராவது கேட்டால், ஊரில் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பாவம் என் கணக்கில். சில நாள் மூன்று புள்ளியோடு முடித்துக்கொள்ளலாம், சில நாள் தண்ணீர் தெளிப்பதோடு சரி. அம்மாவின் நோட்டைப் புரட்டி, நீங்கள் இதுவரை தொடாத ஒரு சிக்குக் கோலத்தைத் தேடுங்கள். இழை எங்காவது பிசகினால், துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு உள்ளே போய்க் காபி குடியுங்கள்.