மூடிய அருங்காட்சியகத்துக்கு மானியம்: முதலில் செலவு செய்துவிட்டு பிறகு வாங்கலாமா?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை சிறிய அருங்காட்சியகம் ஒன்றை நடத்துகிறது. மழையில் ஓட்டுக்கூரையின் ஒரு பகுதி சரிந்ததால் மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. கைக்காசைப் போட்டுச் சரிசெய்துவிட்டு மத்திய அரசு மானியத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாமா? எட்டு சதவீதம் கொடுத்தால் டில்லியில் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: முடியாது. ஒப்பளிப்பு ஆணைக்கு (மானியம் தர ஒப்புக்கொண்டு அரசு போடும் ஆணை) முந்தைய தேதி போட்ட பில் மானியக் கணக்கில் ஏறாது. அதற்காகக் கூரையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஆணைக்குக் காத்திருக்கவும் கூடாது. நனைந்த காகிதத்திலும் துணியிலும் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். டில்லிக் கோப்பு அந்த வேகத்தில் நகர்வதில்லை.

எனவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். தார்ப்பாய், முட்டுக்கொடுத்தல், ஈரமான மின்கம்பியைத் துண்டித்தல், பொருள்களை உலர்ந்த அறைக்கு மாற்றுதல் எல்லாம் உங்கள் செலவு. காப்பீடு இருந்தால் இடிபாட்டை அள்ளும் முன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்காத சேதத்துக்குப் பணம் வாங்குவது பெரும் பாடு. மூன்று மாதம் ஆகியும் தெரிவிக்கவில்லை என்றால் இன்றே எழுதுங்கள். மானியத்துக்கு விடவேண்டியது இதற்கு மேற்பட்டது: புதிய கூரை அமைப்பு, மின்கம்பி மாற்றம், காட்சிப் பேழைகள், விளக்குகள், சேமிப்பறை.

மத்திய கலாசார அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டம் புதிய அருங்காட்சியகம் அமைக்க, இருப்பதை நவீனமாக்க, பொருள்களை டிஜிட்டல் பதிவு செய்ய, ஊழியருக்குப் பயிற்சி தர உதவுகிறது. எதிர்பாராமல் மூடியதை மீண்டும் திறக்க என்று அதில் ஒரு தலைப்பு கிடையாது. மழையும் வெள்ளமும் வருடந்தோறும் வரும் நாட்டில் இப்படி ஒரு அவசர நிதி இன்னும் இல்லை என்பதை என்னவென்று சொல்வது! ஆகவே கருத்துருவில் (அரசுக்கு அனுப்பும் திட்ட விண்ணப்பத்தில்) ‘பழுதுபார்ப்பு’ என்று எழுதினால் அது பராமரிப்புச் செலவாகப் படிக்கப்படும், தள்ளிவிடுவார்கள். ‘நவீனமாக்கல்’ என்று எழுதுங்கள். மதிப்பீட்டில் இருப்பதும் உண்மையிலேயே அதுவாக இருக்கட்டும். காகிதம், துணி உள்ள பேழைக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம் என்று எழுதினால், தெரிந்தவர் தயாரித்தது என்பது படிப்பவருக்குப் புரியும். ஒப்பந்த வேலைக்கான ஜிஎஸ்டியை மதிப்பீட்டிலேயே சேருங்கள். பலர் மறந்துவிட்டுக் கடைசியில் பேழைகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள்.

இனி உங்கள் எட்டு சதவீதக்காரர். திட்டச் செலவில் பொதுவாக 80 சதவீதம் மத்திய அரசு, 20 சதவீதம் நீங்கள். வேலையின் உண்மை மதிப்பு 50 லட்சம் என்றால் நீங்கள் 10 லட்சம் போடவேண்டும். இவர் சொல்லப்போவது இதுதான்: “மதிப்பீட்டை 62.5 லட்சமாக ஏற்றுவோம், அதில் 80 சதவீதமே 50 லட்சம், உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாயும் வேண்டாம்.” கேட்க இனிக்கும். ஆனால் மானியத்தை எதற்குச் செலவழித்தீர்கள் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில், அதாவது ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில், ஆடிட்டரோடு கையெழுத்துப் போடுவது நீங்கள். மீதி 12.5 லட்சத்துக்கும் பில் காட்டவேண்டும், அது பொய் பில்லாகத்தான் இருக்கும். அவருடைய கமிஷன் 4 லட்சத்துக்கோ எந்தத் தலைப்பிலும் இடமில்லை, அதற்கும் இன்னொரு பொய் பில். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) அலுவலகம் கணக்கைக் கேட்டால் காட்டவேண்டிய பொறுப்பு உங்களுடையது. எட்டு சதவீதக்காரர் அதற்குள் தொலைபேசி எண்ணை மாற்றியிருப்பார்.

பணம் பிஎஃப்எம்எஸ் என்ற மத்திய அரசின் இணையவழிப் பணப்பட்டுவாடா முறை வழியாக அறக்கட்டளையின் கணக்குக்கே நேரடியாக வருகிறது. நடுவில் ஒரு ஆள் நிற்க இடமே இல்லை. தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளமான என்ஜிஓ தர்ப்பணில் பதிவும் இலவசம். அதற்கு ‘பதிவுக் கட்டணம்’ கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். கட்டடக் கலைஞருக்கும் மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளருக்கும் கூலி கொடுப்பது வேறு. அது நியாயமான செலவு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லாத ஒன்றை நான் கேட்கவேண்டும்: கட்டடம் நிற்கும் மனை யாருடையது? பத்திரமும் வில்லங்கச் சான்றும் அறக்கட்டளை பெயரில் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அடிமனை கோயிலுடையது, மேலே கட்டடம் மட்டும் உங்களுடையது என்றால் கவனியுங்கள். நீண்டகாலக் குத்தகை இல்லாத இடத்தில் நிலையான கட்டுமானத்துக்கு அரசு பணம் போடத் தயங்கும். கோயில் நிலத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட, 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லாத குத்தகை செல்லாது. “தக்கார் கையெழுத்து போதும்” (தக்கார் என்பவர் அறங்காவலர் இல்லாதபோது கோயிலை நிர்வகிக்க நியமிக்கப்படுபவர்), “செயல் அலுவலர் கடிதம் வாங்கித் தருகிறேன்” என்பவர்களை நம்பாதீர்கள். ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்ற குறுக்குவழி, எடுத்துச்செல்லக்கூடிய பேழைக்கு உதவும், நிலையான கூரைக்கு உதவாது. அடிமனை வாடகை பாக்கி இருந்தால் முதலில் கட்டி ரசீது வாங்குங்கள். பாக்கியோடு போன விண்ணப்பம் கோயில் அலுவலகத்தைத் தாண்டாது. ஆணையர் அனுமதி கிடைக்கும்வரை கூரையைக் கருத்துருவில் சேர்க்காமல், எடுத்துச்செல்லக்கூடிய பேழை, விளக்கு, டிஜிட்டல் பதிவு ஆகியவற்றுக்கு மட்டும் கேளுங்கள்.

இணைப்புகளில் அதிகம் சறுக்குவது பொருள் பதிவேடு. அறக்கட்டளைப் பதிவு, தணிக்கை செய்த கணக்குகள், வருமான வரிப் பதிவு எல்லாம் ஆடிட்டரிடம் தயாராக இருக்கும். பதிவேடோ நனைந்த நோட்டாக, பாதி பக்கம் பென்சிலில் இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் எண், பெயர், அளவு, எப்படி வந்தது, இப்போதைய நிலை, அளவுகோல் வைத்து எடுத்த படம் ஆகியவை வேண்டும். வயலில் தோண்டியபோது கிடைத்ததாக யாரோ கொடுத்த சிலை இருந்தால் பட்டியலில் மறைக்காதீர்கள். புதையல் சட்டம் ஒருபக்கம், 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப் பதிவு மறுபக்கம். மானிய ஆய்வுக்கு வருபவர் கண்ணில் பட்ட பிறகு விளக்கம் சொல்வதைவிட இப்போதே தொல்பொருள் பதிவு அலுவலரைப் பார்ப்பது நல்லது.

சிஎஸ்ஆர் நிதியும், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் பணமும், கேட்கலாம். அதற்கு சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் அறக்கட்டளையைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டாதீர்கள்.

மானியம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. இடையில் பல மாதம் ஓடலாம். ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் வேலை ஆணையிலேயே இதைக் குறிப்பிட்டு, தவணை வரும்வரை தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் வேலையைத் தொடங்குங்கள். மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அதில் சேரும் வட்டி அரசுடையது, எடுத்துவிடாதீர்கள்.