நீர் வாரியமும் மாநகராட்சியும்: யாருக்கு என்ன அதிகாரம்?

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு வாங்க இருக்கிறேன். தண்ணீரைச் சுத்திகரித்துத் தருவது நீர் வாரியம், பில் அனுப்புவது மாநகராட்சி என்கிறார்கள். இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? பழைய சொந்தக்காரர் வைத்த பாக்கி என் தலையில் விழுமா?

பதில்: உங்கள் வீட்டுக் குழாயைப் பொறுத்தவரை அதிகாரமும் பொறுப்பும் மாநகராட்சியையே சேரும். குடிநீர் வழங்கலையும் வீட்டுக் கழிவுநீர் அகற்றலையும் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 4ஆம் அட்டவணை உள்ளாட்சியின் பொருள்களாக வைத்திருக்கிறது. 1997ஆம் ஆண்டின் நீர்ச்சேவைச் சட்டத்தின்படி உங்கள் பகுதிக்கு அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பது டர்பனை உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகராட்சி. உம்கேனி-உதுகேலா நீர் வாரியமோ தேசிய அமைச்சரின் கீழ் இயங்கும் அரசு நிறுவனம். நீரைச் சுத்திகரித்து மாநகராட்சிகளுக்கு மொத்தமாக விற்பதே அதன் முதன்மைப் பணி. விற்ற நீருக்கு அது விலை கேட்கலாம், சொத்து வரி விதிக்க முடியாது. அதன் உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதுமில்லை. எனவே குறை இருந்தால் மாநகராட்சிக்கு எழுத்தில் கொடுத்து, வார்டு கவுன்சிலரிடமும் ஒரு படியைச் சேர்த்துவிடுங்கள்.

கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பை மாநகராட்சி நிறுத்தலாம். ஆனால் நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியாது. நியாயமான முன்னறிவிப்பும், தம் பக்கத்தை எடுத்துச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும் என்றும், கட்ட வசதியில்லை என்று மெய்ப்பிப்பவருக்கு அடிப்படை நீரை மறுக்கக் கூடாது என்றும் நீர்ச்சேவைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அடிப்படை அளவு, 2001ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், அல்லது குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர். 2009இல் மசிபுகோ வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம் இந்த அளவைத் தவறென்று சொல்லவில்லை. ஆனாலும் தாத்தா பாட்டியோடு ஒன்பது, பத்துப் பேர் சேர்ந்து வாழும் வீட்டில் 6,000 லிட்டர் ஆளுக்கு 25 லிட்டர் கூட வராது. பெரிய குடும்பங்களுக்கு இது அநீதி என்றே கருதுகிறேன்.

பாக்கி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கடைசி 2 ஆண்டுகளின் நிலுவை தீர்ந்ததென்று மாநகராட்சி சான்றிதழ் தராமல், பத்திரப் பதிவாளர் வீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. அதற்கும் முந்தைய பாக்கி புதிய சொந்தக்காரரைச் சேராது என்று 2017இல் ஜோர்டான் (Jordaan) என்பவரின் வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இருந்தாலும் நிலுவையை விற்பவரே தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சாவி கைக்கு வரும் நாளில் மீட்டரின் அளவைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.