சட்ட உதவி வழக்குகள்: எதை, எப்போது கோர வேண்டும்?

வட இலண்டனில் இரண்டு சொலிசிட்டர்களும் ஓர் எழுதுவினைஞரும் கொண்ட சிறிய அலுவலகத்தை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். புகலிடக் கோரிக்கைகளும் குடும்ப வழக்குகளுமே அவர்களது வேலை; பெரும்பாலானவை அரச சட்ட உதவியில் நடப்பவை. கணக்காளரின் ஆண்டறிக்கை லாபம் காட்டுகிறது, ஆனால் மாத முடிவில் சம்பளம் கொடுக்க வங்கியின் மேலதிகப்பற்றை நாட வேண்டியிருக்கிறது. அரசு தரும் கட்டணம் போதாது என்று குறைப்பட்டு, சட்ட உதவிப் பணியை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

விட வேண்டாம். நீங்கள் விட்டால் உங்கள் கட்சிக்காரர்களில் பலருக்குத் தங்கள் மொழியில் பேசி வழக்கை நடத்த வேறு ஆள் கிடைக்கமாட்டார். கட்டணம் போதாது என்ற உங்கள் குறை நியாயமானது. 2011 இல் 10 சதவீதம் வெட்டப்பட்ட பின் பல ஆண்டுகள் அது உயரவேயில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, கிடைக்க வேண்டியதையே நீங்கள் நேரத்துக்குக் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கணக்காளர் காட்டும் லாபத்தில், செய்து முடித்தும் பில் போடாத வேலையின் பெறுமதியும் அடங்கும். அதைக் கொண்டு வாடகை கட்ட முடியாது.

திறந்திருக்கும் குடும்ப வழக்குக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். சட்ட உதவிச் சான்றிதழ் (வழக்கின் செலவை அரசு ஏற்கும் என்ற உறுதிப்பத்திரம்) வழங்கப்பட்ட திகதி, இன்றுவரை பதிவான நேரத்தின் பெறுமதி, கடைசியாகப் பணம் கோரிய திகதி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். நான் பார்த்த பல அலுவலகங்களில் மூன்றாவது நிரல் வெறுமையாகவே இருந்தது. வழக்கு முடிந்த பிறகுதான் பில் என்ற பழக்கத்தால் வந்த வினை அது. சான்றிதழ் வழங்கி மூன்று மாதம் கடந்ததும், அதுவரை செய்த வேலைக்கான கட்டணத்தில் 80 சதவீதம் வரை முற்கொடுப்பனவாகக் கோரலாம். 12 மாதத்துக்குள் நான்கு முறை கோரலாம். மூன்று மாதத்தில் 2,000 பவுண் பெறுமதியான வேலை செய்திருந்தால் 1,600 பவுணை இப்போதே கேட்கலாம். இரண்டாண்டு இழுக்கும் பிள்ளைப் பராமரிப்பு வழக்கில், முதற்பணத்தை நான்காம் மாதத்தில் பெறும் அலுவலகத்துக்கும் இருபத்தாறாம் மாதத்தில் பெறும் அலுவலகத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான் உங்கள் மேலதிகப்பற்று. நிபுணர் அறிக்கை போன்ற வெளிச்செலவுகளுக்கு மூன்று மாதக் காத்திருப்பும் இல்லை. செலவு ஏற்பட்டதுமே கோரலாம்.

முற்கொடுப்பனவு இறுதிக் கட்டணமல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். இறுதிப் பில் குறைத்து மதிப்பிடப்பட்டால் மிகுதியை, இந்தப் பணத்தைக் கொடுக்கும் அரச அமைப்பான சட்ட உதவி முகவரகம் திருப்பி எடுத்துக்கொள்ளும். சான்றிதழில் குறிக்கப்பட்ட செலவு எல்லையைத் தாண்டிச் செய்யும் வேலைக்கோ பணமே வராது. ஆகவே எல்லையின் முக்கால் பங்கை எட்டும்போதே அதை உயர்த்த விண்ணப்பிக்கும் வழக்கத்தை அலுவலகத்தில் ஏற்படுத்துங்கள்.

புகலிடக் கோப்புகளின் ஆரம்ப ஆலோசனையும் தீர்ப்பாய மேன்முறையீடும் வேறு வழியில் கோரப்படுபவை. ஒரு மாதக் கோரிக்கைகளை அடுத்த மாதம் 20 ஆம் திகதிக்குள் அனுப்ப வேண்டும். உள்துறை அமைச்சு தீர்மானத்துக்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆனால் நிராகரிப்புக் கடிதம் வந்து கோப்பு மேன்முறையீட்டுக்குச் செல்லும் நாளில் முதற்கட்டம் முடிந்துவிடுகிறது; அதற்கான பில்லைத் தீர்ப்பாயத்தின் முடிவுவரை வைத்திருக்கக் காரணமே இல்லை. உங்களுக்கு நிலையான மாதக் கொடுப்பனவு வருகிறதா, கோரியதற்கேற்ப மாறும் கொடுப்பனவு வருகிறதா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். நிலையான கொடுப்பனவு நிம்மதி தருவதுபோல் தோன்றும். ஆனால் நீங்கள் அனுப்பும் கோரிக்கைகள் பெற்ற பணத்தின் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் முகவரகம் அதைச் சரிசெய்யும் என்பதால், பில் போடத் தவறும் அலுவலகம் தன்னையறியாமல் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறது.

நேரத்துக்குக் கோரினாலும் கோப்பில் சான்று இல்லையென்றால் பணம் நிலைக்காது. புகலிட வழக்கில், புகலிடம் கோருவோருக்கான அரச ஆதரவுக் கொடுப்பனவு பெறும் ஒருவரின் வருமானத்தைத் தனியாக ஆராயத் தேவையில்லை என்பது சரி. ஆனால் அவர் அதைப் பெறுகிறார் என்ற கடிதத்தின் பிரதி கோப்பில் இருக்க வேண்டும். கணக்காய்வில் அந்த ஒரு தாள் இல்லாததால் முழுக் கட்டணமும் பூச்சியமாக்கப்பட்டதைக் கண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் தடுத்துவைக்கப்பட்டுச் சித்திரவதைக்குள்ளான ஒருவரின் வாக்குமூலத்தை மூன்று மணி நேரம் பொறுமையாகக் கேட்டெழுதிய சொலிசிட்டர், சந்திப்புக் குறிப்பில் ‘வாக்குமூலம், 3 மணி’ என்று மட்டும் எழுதியிருந்தார். எந்தெந்தச் சம்பவங்கள் பேசப்பட்டன, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, எத்தனை முறை இடைவேளை தேவைப்பட்டது என்று நான்கு வரி அன்றே எழுதியிருந்தால், அந்த மூன்று மணியில் ஒரு நிமிடத்தையும் எவரும் வெட்டியிருக்க முடியாது.

ஒழுங்காகக் கோருவதற்கு இன்னொரு பயனும் உண்டு. 2025 ஏப்ரல் 23 அன்று தன் கணினித் தொகுதிகள் தாக்கப்பட்டதை அறிந்த முகவரகம், மே மாதத்தில் இணையச் சேவைகளை நிறுத்த நேர்ந்தது. சான்றிதழ் வழக்குகளுக்கு அப்போது வழங்கப்பட்ட இடைக்காலப் பணம், பின்னர் கழிக்கப்படும் நிபந்தனையோடு, அலுவலகங்கள் முன்னர் பெற்ற தொகைகளின் சராசரியைக் கொண்டு கணிக்கப்பட்டது. பில்களை அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தவர்களுக்குச் சராசரியும் சிறிதாகவே வந்தது. இரண்டு மாதச் சம்பளமும் வாடகையும் தனிக் கணக்கில் இருப்பது அவசியம் என்று நான் சொல்வது அந்த மாதங்களைப் பார்த்த பிறகுதான். அந்தச் சேமிப்பு உருவாகும்வரை எவ்வளவு நெருக்கடி வந்தாலும் கட்சிக்காரர் கணக்கிலுள்ள பணத்தை ஒரு நாளுக்குக்கூடத் தொடாதீர்கள்.

பணம் கைக்கு வந்த பின்பே வற் வரி செலுத்தும் திட்டம் ஒன்று உண்டு. உங்கள் வருமானம் அதில் சேர்வதற்கான எல்லையான 13.5 இலட்சம் பவுணுக்கு மிக மிகக் கீழே இருப்பதால், சேரலாமா என்று கணக்காளரிடம் கேளுங்கள்.

எழுதுவினைஞருக்கு வாரத்தில் அரை நாள் தொலைபேசியும் வரவேற்பும் இல்லாமல் பில் வேலை மட்டும் கொடுங்கள். அந்நேரத்தில் சொலிசிட்டர் ஒருவரும் பக்கத்தில் இருந்து கோப்புகள் பற்றி அவர் கேட்பவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே, மேலே சொன்ன தாளில் மூன்றாவது நிரல் வெறுமையாக உள்ள குடும்பக் கோப்புகளில் மிகப் பழையதை எடுங்கள்.