எந்த பாட்டு ஆப்புக்கு காசு கட்டலாம்? நம்ம பக்கத்து ஆளுக கேட்டதும் நான் சொன்னதும்

காரைக்குடியில ரொம்ப வருஷம் கேசட் ரெக்கார்டிங் கடை வச்சிருந்தேன், இப்ப வீட்டுல இருந்தே பழைய கேசட்டை கம்ப்யூட்டருக்கு மாத்திக் குடுக்குறேன். எந்த ஆப் நல்லதுன்னு ஆளாளுக்கு கேக்குறதால எல்லாத்துக்கும் இங்கயே பதில் சொல்லிடுறேன்.

பள்ளத்தூர் தம்பி: ஸ்பாட்டிஃபை, யூட்யூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன், இதுல எதுண்ணே? சவுண்ட் எதுல நல்லாருக்கும்?

சவுண்டை கடைசியா பாருங்க தம்பி. மொதல்ல நீங்க நெசமா அடிக்கடி கேக்குற இருபது பாட்டை ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஆப்லயும் ஓசியா உள்ள போயி தேடுங்க, எதுல அதிகமா கிடைக்குதோ அதான் உங்க ஆப். புதுப்பட பாட்டெல்லாம் பெரும்பாலும் எல்லாத்துலயும் கிடைச்சுரும், வித்தியாசம் தெரியுறது நாதஸ்வரம், பழைய கச்சேரி, கிராமத்து பாட்டு இதுலதான். அங்க யூட்யூப் மியூசிக் கை ஓங்கி இருக்கு, ஏன்னா கம்பெனி வெளியிட்டது போக ஜனங்க ஏத்துன வீடியோவும் அதுல சேந்து வருது. நாம கேட்டதை வச்சு அடுத்த பாட்டு எடுத்துப் போடுறதுல எனக்கு ஸ்பாட்டிஃபைதான் புடிக்கும்.

இன்னொன்னு, ஒரே பழைய பாட்டு நாலஞ்சு தொகுப்பு ஆல்பத்துல கிடக்கும், ஒண்ணு பளிச்சுன்னு இருக்கும், இன்னொன்னு தேஞ்சுபோன கேசட்டுல இருந்து எடுத்த மாதிரி மங்கலா இருக்கும். மொதல்ல வந்ததை எடுத்து லிஸ்ட்ல போட்டுட்டு ஆப் சரியில்லன்னு சொல்லாதீங்க, நாலையும் கேட்டுட்டு எடுங்க. சவுண்ட் கணக்கு வேணும்னா, ஸ்பாட்டிஃபை பிரீமியம் ஸ்டாண்டர்ட் பிளான்ல 320 கேபிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை கிலோபிட்) வரைக்கும், காசு கட்டுன யூட்யூப் மியூசிக்கும் சாதாரண ஆப்பிளும் 256. போன்ல கேக்குறதுக்கு இது மூணும் தாராளம்.

கோட்டையூர் அண்ணன்: ஆப்பிள்ல லாஸ்லெஸ் (சவுண்டுல ஒண்ணும் குறைக்காம அனுப்புறது) ஆன் பண்ணி ப்ளூடூத் இயர்பட்ஸ்ல கேக்குறேன், ஒரு வித்தியாசமும் தெரியலையே?

தெரியாதுண்ணே. சிடி தரம்னா விநாடிக்கு 1411 கிலோபிட், சாதாரண ப்ளூடூத் வழியில அவ்வளவு போகாது, போன் திரும்ப அமுக்கித்தான் அனுப்புது. லாஸ்லெஸ் வேணும்னா வயர்ல கேளுங்க. 2021-ல இருந்து ஆப்பிள் அதை கூடுதல் காசு இல்லாமத்தான் குடுக்குது, ஆனா டேட்டாவை பாத்துக்கங்க, 320-ல ஒரு மணி நேரம் கேட்டா 144 எம்பி, லாஸ்லெஸ்ல அது ரெண்டு மடங்குக்கு மேலயே போயிரும். அம்பதுகள்ல ஒரே தடமா பதிஞ்ச மோனோ பாட்டை லாஸ்லெஸ்ல கேட்டாலும் அப்ப மைக்கு புடிச்சதுதான் வரும்.

கானாடுகாத்தான் ஆச்சி: முகப்புல மோடம் இருக்கு, ரெண்டாங்கட்டுக்கு போனா பாட்டு நின்னு நின்னு வருது. ஆப்பை மாத்தணுமா?

ஆப் மேல தப்பு இல்ல ஆச்சி, நம்ம செட்டிநாட்டு வீட்டு சுவரு அப்படி. அந்த கனத்த சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சரியா தாண்டாது, போன்ல 2.4-ஐ எடுத்து பாருங்க, கொஞ்சம் உள்ள வரும். அதுவும் பத்தலைன்னா முகப்புலயே உக்காந்து பாட்டை டவுன்லோட் பண்ணிக்கங்க, அப்புறம் அடுப்படி வரைக்கும் தடையில்லாம பாடும்.

தேவகோட்டையில இருந்து ஒருத்தர்: தைப்பூசத்துக்கு குன்றக்குடி வழியா பழனிக்கு நடக்குறோம். வழியில சிக்னல் இல்லாத எடத்துலயும் முருகன் பாட்டு கேக்கணும்.

இதுக்கு காசு கட்டுன பிளான்தான் வேணும், ஸ்பாட்டிஃபைல டவுன்லோட் வசதி உள்ள பிரீமியம் பிளான்னா ஒரு போன்ல 10,000 பாட்டு வரைக்கும் எறக்கி வைக்கலாம். 160 கேபிபிஎஸ் போதும், நாலு நிமிஷ பாட்டு சுமாரா 5 எம்பி வரும், 500 பாட்டு ரெண்டரை ஜிபிக்குள்ள முடிஞ்சுரும். கெளம்புறதுக்கு மொத நாள் ராத்திரி போனை ஏரோபிளேன் மோடுல போட்டு நாலஞ்சு பாட்டு ஓடுதான்னு பாத்துருங்க, பாதி எறங்கி நின்னது அப்பத்தான் தெரியும். நடக்கும்போதும் அதே மோடுல வச்சீகன்னா சார்ஜும் நிக்கும். 30 நாளைக்கு ஒருக்கா நெட்ல சேராட்டி எறக்குன பாட்டெல்லாம் அழிஞ்சுரும், உங்க நடைக்கு அந்த கவலை இல்ல.

சிங்கப்பூர்ல அண்ணன் இருக்கற ஒரு தம்பி: அண்ணனோட ஃபேமிலி பிளான்ல நான் இங்க சேந்துக்கலாமா?

சேரக்கூடாது தம்பி. ஸ்பாட்டிஃபை ஃபேமிலி பிளான் ஒரே விலாசத்துல இருக்கற ஆறு பேருக்குத்தான்.

நாட்டரசன்கோட்டை அக்கா: லிஸ்ட்ல இருந்த பாட்டுல பதினஞ்சு மங்கிப்போயி அமுக்குனா ஓட மாட்டேங்குது. காசு கட்டுனது வீணா?

அந்த பாட்டு கம்பெனிக்கும் ஆப்புக்கும் இருந்த ஒப்பந்தம் முடிஞ்சிருக்கும்க்கா, திரும்ப வந்தாலும் வரலாம். இதை மட்டும் எல்லாரும் மனசுல வச்சுக்கங்க, சந்தா கட்டுறது வாடகை, பாட்டு நம்ம சொத்து ஆகாது. ரெஸ்ஸோங்கற பாட்டு ஆப் 2024 ஜனவரியோட இந்தியாவுல மூடிருச்சு, அதே வருஷம் ஏர்டெல் தன்னோட விங்க் பாட்டு ஆப்பையும் நிறுத்துச்சு. ஏவி. மெய்யப்ப செட்டியார் படம் எடுக்க வர்றதுக்கு முன்னாடி இசைத்தட்டு வியாபாரம்தான் பண்ணுனாரு, நம்மூர்ல சில வீட்டு அலமாரியில இன்னும் அந்தக் காலத்து 78 ஆர்பிஎம் தட்டு இருக்கு, ஊசி வச்சா இன்னைக்கும் பாடுது, அதுக்கு யாரோட அனுமதியும் வேண்டாம். அதனால ரொம்ப புடிச்ச நூறு பாட்டையாவது சிடியாவோ விலைக்கு வாங்குன ஃபைலாவோ சொந்தமா வச்சுக்கங்க.

காரைக்குடியில மெஸ் வச்சிருக்கறவர்: கடையில என் அக்கவுண்ட்ல பாட்டு போடலாமா?

கூடாதுண்ணே, அந்த அக்கவுண்ட் சொந்தமா கேக்குறதுக்கு மட்டும். கடையில போட, பாட்டு உரிமைக்காரங்க சார்பா லைசென்ஸ் குடுக்குற பிபிஎல், ஐபிஆர்எஸ் மாதிரி எடத்துல லைசென்ஸ் வாங்கணும்.

புதுவயல் ஆச்சி: எங்க ஆயா பாடுன தாலாட்டு ஒரு கேசட்டுல இருக்கு. எந்த ஆப்லயும் அது இல்ல. பேத்திக்கு போன்ல போட்டு காட்டணும்.

இருக்காது ஆச்சி, அது உங்க கேசட்டுல மட்டும்தான் இருக்கு, அதனால தயவுசெஞ்சு அதை வீட்டு டேப்ல போட்டு பாக்காதீங்க. போன மாசம் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, நாடாவுக்கு பின்னாடி ஒட்டியிருக்கற சின்ன பஞ்சு விழுந்துபோயி, டேப்ல சவுண்டை படிக்கிற ஹெட்ல நாடா சரியா அழுந்தவே இல்ல, குரல் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. வேற கேசட்டோட கூட்டுக்குள்ள அந்த நாடாவை மாத்தி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால தொடைச்சு ஓட்டுனதும் வளையல் சத்தம் வரைக்கும் தெளிவா வந்துச்சு, தூளி கயிறு உத்தரத்துல உரசுற சத்தமும் கேட்டுச்சு, அந்த வீட்டம்மா அழுதுட்டாங்க.

நான் தரம் குறையாத ஃபிளாக் ஃபைலா ஒண்ணும் எம்பி3-யா ஒண்ணும் குடுப்பேன். அதை கம்ப்யூட்டர்ல இருந்து யூட்யூப் மியூசிக்ல உங்க அக்கவுண்டுக்குள்ள ஏத்திக்கலாம், சொந்த ஃபைல் ஒரு லட்சம் வரைக்கும் எடம் இருக்கு, அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், பேத்தி போன்லயும் அதே அக்கவுண்டை போட்டா கேக்கும். ஆனா ஃபிளாக் ஃபைலை ரெண்டு பென்டிரைவ்ல தனித்தனியா வச்சுக்கங்க, ஒண்ணு உங்க பெட்டியில, ஒண்ணு மக வீட்டுல. கேசட்டை வெயில் படாம, ஸ்பீக்கர் பக்கத்துல வைக்காம, நிக்க வச்ச மாதிரியே எடுத்துட்டு வாங்க, யாரு பாடுனது, எந்த வருஷம், யாருக்கு பாடுனதுன்னு ஒரு சீட்டுல எழுதி உள்ள வச்சுருங்க.