எண்ட்கேம் டேபிள்பேஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின் (செஸ் ஆடும் மென்பொருள்) ஏற்கெனவே அபாரமாக ஆடுகிறது. அதற்கு டேபிள்பேஸ், அதாவது ஆட்டத்தின் இறுதிக் கட்ட (எண்ட்கேம்) நிலைகளுக்கான விடை அட்டவணை, எதற்கு?

ஆட்ட பலம் கொஞ்சம்தான் கூடும். ஆனால் ஆட்டங்களை ஆராய்பவர்களுக்கு அது பொக்கிஷம். என்ஜின் காட்டும் +1.5 (வெள்ளைக்குச் சுமார் ஒன்றரைச் சிப்பாய் அளவு சாதகம்) ஒரு கணிப்பு. டேபிள்பேஸ் சொல்வது தீர்ப்பு. மேட் ஆன நிலைகளில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட்டு, குறைந்த காய்கள் உள்ள எல்லா நிலைகளுக்கும் விடை எழுதி வைத்திருக்கிறார்கள். போர்டில் பத்துக் காய் இருக்கும்போதே அது கைகொடுக்கும். என்ஜின் யோசித்துக்கொண்டு போகும் வரிசையில் வெட்டு நடந்து ஆறு காய்க்கு இறங்கியதும் அட்டவணையைப் பார்க்கும், விடை கிடைத்ததும் அதற்கு மேல் அங்கே தோண்டாது.

கேள்வி: எந்த அளவு வரை இறக்கிக்கொள்ளலாம்?

ரொனால்ட் டி மான் 2013-இல் வெளியிட்ட சிஸிஜி என்ற டேபிள்பேஸ் தொகுப்பு போதும். ஐந்து காய் வரை சுமார் 1 ஜிபி, ஆறு காய் சுமார் 150 ஜிபி. 2018-இல் முடிந்த ஏழு காய் சுமார் 17 டிபி. அதை லிச்செஸ் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம், வீட்டில் வேண்டாம். கோப்புகளை எஸ்எஸ்டியில் வையுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்கில் வைத்தால் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் என்ஜின் காத்திருந்து வேகம் இழக்கும்.

கேள்வி: ஜெயிக்கிற நிலையில் டேபிள்பேஸ் காட்டும் முதல் நகர்த்தல் யானையைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறது. பிழையா?

இல்லை. சிஸிஜியில் இரண்டு வகைக் கோப்புகள் உண்டு. டபிள்யூடிஎல் என்பது வெற்றி, டிரா, தோல்வி மட்டும் சொல்லும். டிடிஇசட், அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்த்தலுக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லும். மேட்டுக்கு எவ்வளவு தூரம் என்பது இரண்டிலுமே கிடையாது. அதனால் டிடிஇசட்டை அப்படியே பின்பற்றினால், யானை போனாலும் வெற்றி மிஞ்சுகிறது என்றால் கொடுத்துவிடும்! ஸ்டாக்ஃபிஷ் அப்படிச் செய்வதில்லை. வெற்றியைக் கெடுக்கும் நகர்த்தல்களை அட்டவணையை வைத்து ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் தன் யோசனைப்படி தேர்ந்தெடுக்கும். மனிதர் கற்றுக்கொள்ளவும் இதுவே நல்ல வழி. அட்டவணையின் முதல் நகர்த்தலை மனப்பாடம் செய்யாதீர்கள், எந்தெந்த நகர்த்தல்கள் வெற்றியைக் காக்கின்றன என்று பாருங்கள்.

கேள்வி: ‘சபிக்கப்பட்ட வெற்றி’ என்கிறார்களே, அது என்ன?

வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லாமல் 50 நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம் என்பது 50 நகர்த்தல் விதி. அது இல்லையென்றால் வெற்றி, இருப்பதால் டிரா. இரண்டு பிஷப் எதிர் ஒற்றைக் குதிரை இதற்கு நல்ல உதாரணம். நூறு வருடத்துக்கு மேல் அதைப் பொதுவாக டிரா என்றே நம்பினார்கள். 1983-இல் கணினி அறிஞர் கென் தாம்ப்சனின் கணக்கு, பிஷப் பக்கம் பெரும்பாலும் ஜெயிக்கும், ஆனால் குதிரையை வெட்ட 66 நகர்த்தல் வரை ஆகலாம் என்று காட்டியது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1980-களில் இப்படிப்பட்ட சில முடிவுகளுக்கு வரம்பை நீட்டிப் பார்த்தது, அப்புறம் 1992-இல் எல்லாவற்றுக்கும் 50 என்றே திரும்பிவிட்டது. நேரடி ஆட்டத்தை ஆராயும்போது ஸ்டாக்ஃபிஷில் சிஸிஜி 50 நகர்த்தல் விதி அமைப்பை இயக்கியே வையுங்கள். புதிர் சரிபார்க்கும்போது மட்டும் அணைக்கலாம்.

கேள்வி: கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றும் உரிமை) பாக்கி இருந்தால்?

அந்த நிலைகள் அட்டவணையில் இல்லை. என்ஜின் தானே யோசித்துக்கொள்ளும்.