சட்டையை அவிழ்க்கலாமா?

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் கட்டுரையில் ‘சட்டையை அவிழ்த்துக் கொடியில் போட்டான்’ என்று எழுதியிருந்தாள். ‘கழற்றி’ என்று திருத்தி, அரை மதிப்பெண்ணும் குறைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் ‘சட்டைய அவுத்துப் போடு’ என்றுதான் சொல்கிறோம். இது தப்பா? அப்புறம், ‘பொய்யை அவிழ்த்து விடுகிறான்’ என்கிறோமே, அது எப்படி?

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள வாசகிக்கு,

அரை மதிப்பெண் போனது அநியாயம்தான். ஆனால் திருத்தியவர் காரணமில்லாமல் திருத்தவில்லை. கட்டியதை அவிழ்ப்போம், மாட்டியதைக் கழற்றுவோம். வேட்டி, கூந்தல், மூட்டை எல்லாம் அவிழும். செருப்பு, மோதிரம், சைக்கிள் செயின் எல்லாம் கழலும். மோதிரத்தை யாரும் அவிழ்ப்பதில்லை. சட்டைதான் நடுவில் நிற்கிறது. பொத்தானை அவிழ்த்த பிறகுதானே அதைக் கழற்றுகிறோம்? பேச்சில் முதல் வினையே முழு வேலைக்கும் ஆகிவிட்டது என்பது என் ஊகம். (பாம்பு மட்டும் சட்டையை உரிக்கிறது.)

அவிழ்வதற்கு ஆள் வேண்டும் என்பதும் இல்லை. சங்கப் பாடல்களில் மொட்டு தானாக அவிழும். வெந்த சோற்றுப் பருக்கைக்கும் ‘அவிழ்’ என்றே பழைய பெயர்.

பொய்க்கு வருவோம். ‘புளுகு மூட்டையை அவிழ்க்கிறான்’ என்பது சந்தையில் சரக்கைப் பிரிப்பது போல. ‘அவிழ்த்து விடுகிறான்’ என்பதோ மாட்டுத் தொழுவத்தில் பிறந்தது என்றே எனக்குத் தோன்றும். பால் கறக்கும் நேரத்தில் தாத்தா “கன்னுக்குட்டிய அவுத்து வுடுடா” என்பார். முளைக்குச்சியில் உருவாஞ்சுருக்கு. நுனியை ஓர் இழுப்பு இழுத்தால் போதும், கயிறு என் கைக்கு வருவதற்குள் கன்று பசுவின் மடியை முட்டிக்கொண்டிருக்கும். கூப்பிட்டாலும் திரும்பாது. அந்த ‘விடு’ இல்லாமல் ‘பொய்யை அவிழ்த்தான்’ என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது.

மலையாளத்தில் கட்டை அவிழ்ப்பதற்கு ‘அழிக்குக’ என்பார்கள். தெரியாமல் நான் ஒருமுறை விழித்திருக்கிறேன். பாலக்காட்டில் வேட்டி, துண்டு எல்லாம் வாங்கி மூட்டையாகக் கட்டிய பிறகு, ஒரு துண்டை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் மூட்டையில் கைவைத்து, “கெட்டு அழிக்கட்டே?” என்றார். பதறிப்போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிடிக்காத அந்தத் துண்டு இன்னும் வீட்டில் கிடக்கிறது.